நான் கேட்டு மறந்த செய்தி

முதன்முதலில் இரத்தத்தைப் பார்த்தது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஓட்டுநர் கழிப்பறையில். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு உள்ளே போயிருந்தேன். முதல் நாள் சிவப்பு டிராகன் பழம் ஒன்றை முழுதாகத் தின்றிருந்தேன். அந்தப் பழம் தின்றால் மறுநாள் எல்லாமே சிவப்பாகத்தான் போகும். பினாங்கில் அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் டிராகன் பழம் தின்னவில்லை. ஆனாலும் சிவப்பு வந்தது.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன். பெயர் சேகர், வயது ஐம்பத்து நான்கு. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு இடைநிலைப் பள்ளியில் இரண்டு வருஷம், அதோடு படிப்பு முடிந்தது. இதில் வரும் மருத்துவச் சொற்களை எனக்குப் புரிந்த அளவில்தான் விளக்குகிறேன். தப்பு இருந்தால் உங்கள் டாக்டர் திருத்திச் சொல்வார். குடல் சோதனைக்கு முன் போடும் மயக்க ஊசிக்குப் பயந்து நாளைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தள்ளிப்போட்டவன்தான்.

சும்மாவே நான் பயந்த ஆள். பஸ் கதவைப் பூட்டி இருபது அடி நடந்த பிறகு திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். இப்படிப்பட்டவன் இரத்தத்தைப் பார்த்த அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பான் என்று நினைப்பீர்கள். நான் ஓடவில்லை. பழத்தின் மேல் பழி போட்டேன், பிறகு மிளகாயின் மேல், பிறகு நாள் முழுக்க ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதன் மேல். மூல வியாதியாக இருக்கும் என்று ஒரு கடையில் களிம்பு வாங்கிப் பூசினேன்.

உண்மையான காரணம் வேறு. பஸ் ஓட்டுபவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சோதனைத் தாள் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் ஒரு தப்பான கோடு விழுந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. எனக்கு வேறு தொழில் தெரியாது. இப்படியே எட்டு மாதம் போனது.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. ஒரு நாள் மின்தூக்கி கெட்டுப்போய்ப் படியேறினேன். நான்காவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் காய்கறிப் பையோடு வந்த என் மனைவி மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, உதடெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?"

"வெயிலு."

"படிக்கட்டுல ஏதுங்க வெயிலு?"

அன்றைக்கே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஹீமோகுளோபின் (இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) இருக்க வேண்டியதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். மலத்தில் இரத்தம் போகிறதா என்று கேட்டார்கள். மல்லிகா பக்கத்தில் நின்றாள்.

"போகுது. மூனு வாரமா," என்றேன்.

எட்டு மாதம் மூன்று வாரமாகச் சுருங்கியது அந்தக் கிளினிக் நாற்காலியில்தான். அவள் திட்டுவாள் என்று ஒரு பயம். மூன்று வாரம் என்றால் அது சின்ன வியாதியாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இன்னொரு பக்கம். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயைவிட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்றார்கள்.

நாள் குறித்த பிறகு, எங்கள் பஸ் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் காதரிடம் சொன்னேன். காதரும் தொழிற்சாலை பஸ்தான் ஓட்டுகிறான். சூலியா தெருவில் அவன் குடும்பத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அந்தக் கடையில் உட்காரப் பொறுமையில்லாமல் பஸ்ஸுக்கு வந்தவன்.

"சேகரு, அந்த ஊசி போடுவாங்கல்ல, ஜாக்கிரதை லா," என்றான். (பேச்சின் முடிவில் 'லா' போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம்.)

"ஏன், வலிக்குமா?"

"வலியா? அத போட்டா உள்ள இருக்கறது எல்லாத்தையும் கொட்டிருவே. என் மச்சானுக்குப் போட்டாங்க. வெளிய வந்து படுத்திருக்கான், பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா. இவனா கூப்பிட்டு, 'எங்கிட்ட ரெண்டாவது போன் ஒன்னு இருக்கு, கார் சீட்டுக்கு அடியில'ன்னு சொல்லிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குடல்ல ஒன்னுமில்ல. வீட்டுலதான் ஆபரேஷன்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருப்பவில்லை. எனக்கு இரண்டாவது போன் கிடையாது. எட்டு மாதம் இருந்தது.

சோதனை நாளை ஒரு தடவை தள்ளிப்போட்டேன். ஷிப்ட் மாற்ற ஆள் இல்லை என்று சாக்குச் சொன்னேன். மல்லிகா ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை செய்கிறாள். இரண்டாவது தடவை அவளே அங்கே விடுப்புச் சொல்லிவிட்டு, என் பஸ் சாவியை மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அதற்கு மேல் தப்ப முடியவில்லை.

இரண்டு நாள் கஞ்சியும் தெளிந்த சூப்பும்தான் சாப்பாடு. குடலைக் கழுவும் மருந்தை நான்கு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட கெட்டுப்போன எலுமிச்சைச் சாறு மாதிரி இருந்தது. சோதனையை விட இதுதான் கஷ்டம். கடைசியில் வருவது வெறும் மஞ்சள் தண்ணீராக இருந்தால் சரியாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

டாக்டர் தமிழ்ப் பெண். என் மகள் திவ்யா வயதுதான் இருக்கும். திவ்யா கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். டாக்டரைப் பார்த்ததும் அவள் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து வைத்து ஊசியைப் பற்றிச் சொன்னார். பெயர் மிடாசோலம். நரம்பில் போடுவார்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் வேலை செய்யும், சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் முழு மயக்கம் இல்லை. கூப்பிட்டால் திரும்புவோம், கேட்டால் பதில் சொல்வோம். மூச்சு கொஞ்சம் குறையலாம். அதற்காக விரலில் கிளிப் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதிகமாகிவிட்டால் அதை முறிக்க மாற்று மருந்தும் பக்கத்தில் இருக்கும்.

"ஆனா அங்கிள், ஊசி போட்டப்புறம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதனாலதான் கூட ஒருத்தர் கண்டிப்பா வரணும்னு சொல்றோம். ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது. எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

"ஊசி இல்லாம செய்ய முடியாதா டாக்டர்?"

"செய்யலாம். சில பேர் செய்றாங்க. வயிறு உப்பும், வலிக்கும். நீங்க இப்பவே இப்படி நடுங்குறீங்களே."

நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். (இங்கே தாதியரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.) டாக்டர் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகக் கேட்டேன்.

"மிஸ்ஸி, இது போட்டா வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவாங்களாமே?"

"சில பேர் பாட்டே பாடுவாங்க அண்ணே. நாங்க காதுல வாங்க மாட்டோம்."

"என் சம்சாரம் வாங்குவாளே."

"அக்கா வெளியதான் இருப்பாங்க. பயப்படாதீங்க."

இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. கை நரம்பில் சில்லென்று ஏதோ ஏறியது. "இன்னும் தூக்கம் வரலையே டாக்டர்," என்று சொன்னேன். அந்த வாக்கியம் வரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது மைலோ. கையில் மைலோ குவளை இருந்தது, பாதி குடித்திருந்தேன். வேறு அறை, வேறு கட்டில். நான் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பொத்தான்கூடப் போட்டிருந்தது. கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

தூங்கி எழுந்தால் தூங்கினோம் என்று தெரியும். இதில் அது தெரியவில்லை. "தூக்கம் வரலையே" என்றேன், மைலோவைக் குடித்தேன். நடுவில் வெட்டி ஒட்டிய அடையாளமே இல்லை. ஊசி என்மேல் வேலை செய்யவில்லை, நான் முழித்தே இருந்தேன் என்றுதான் நினைத்தேன். காதரிடமும் பிறகு அப்படித்தான் பெருமையடித்தேன்.

மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து என் இடது கையைப் பிடித்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்ததில்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"என்ன ஞாபகம்? இப்பத்தானே முடிஞ்சிச்சு. டாக்டர் இன்னும் வரலையே."

அவள் மடியில் ஒரு தாள் இருந்தது. அதை இரண்டாக மடித்து, மறுபடி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஒன்னுமில்லங்க. மூலம்தான். ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்காங்க. ரெண்டு வாரம் எம்.சி. லீவு."

"மூலத்துக்கு ரெண்டு வாரம் எம்.சி.யா?"

"உட்காரக் கூடாதாம். நீங்க நாள் முழுக்க உட்கார்ற வேலைதானே."

நான் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்பினேன். வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன்.

மறுநாளிலிருந்து எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. உடம்பில் இல்லை, மல்லிகாவிடம். அவள் திட்டவில்லை.

எங்கள் வீட்டில் திட்டு என்பது வானொலி மாதிரி. காலையில் ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே இருக்கும், நின்றால்தான் கவனிப்போம். நான் அடுப்பை மூன்றாவது தடவை பார்க்கப் போனால், "போங்க, போய் அதையும் படுக்கையில கொண்டாந்து போட்டுக்கங்க" என்பாள். அன்றைக்கு நான் போனேன், பார்த்தேன், வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். எடுத்து உதறிக் காயப்போட்டாள். மீன் கறியில் பெரிய துண்டு என் தட்டில் விழுந்தது. வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடும் திவ்யா தினமும் கூப்பிட்டாள். அழைப்பு வந்ததும் மல்லிகா போனை எடுத்துக்கொண்டு வெளி நடைபாதைக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பாள்.

ஐந்தாவது நாள் எனக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் எட்டு மாதத்தைக் கொட்டிவிட்டேன். காதர் சொன்னது நடந்துவிட்டது. மூன்று வாரம் என்று பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்துபோய், அந்த வருத்தத்தில்தான் என்னைத் திட்டாமல்கூட இருக்கிறாள். மகளிடமும் சொல்லி அழுகிறாள்.

காதர் பார்க்க வந்தபோது வாசலில் வைத்து அவனிடம் கேட்டேன்.

"உன் மச்சானுக்கு, தான் சொன்னது அப்புறம் ஞாபகம் இருந்துச்சா?"

"எங்க? கார்ல ஏறி சீட்டுக்கு அடியில தேடுறான், போன் இல்ல. அப்பத்தான் தெரிஞ்சிச்சு. ஏன் சேகரு, ஒனக்கு ஊசி வேலை செய்யலன்னியே?"

"வேலை செய்யலதான்."

"அப்ப ஏன் லா மூஞ்சி இப்படி இருக்கு?"

அந்த நேரத்தைத் திரும்பப் பிடிக்க முயன்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி, பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது. என் வழித்தடத்தில் பதினேழு நிறுத்தம். எந்த நாளைக் கேட்டாலும் எந்த நிறுத்தத்தில் யார் தாமதமாக வந்தார்கள், எந்த சிக்னலில் மாட்டினேன் என்று சொல்லிவிடுவேன். அதே மாதிரி மைலோவிலிருந்து பின்னோக்கிப் போனேன். மைலோ, குவளையின் சூடு, அதற்கு முன்னால் "தூக்கம் வரலையே". நடுவில் நிறுத்தமே இல்லை. ஒரு முழு பஸ் ஆட்களை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன், ஒரு சிக்னல்கூட ஞாபகமில்லை என்பதுபோல இருந்தது.

பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மல்லிகா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மல்லி, நான் அங்க சொன்னத வச்சுத்தானே நீ இப்படி இருக்கே?"

அவள் கை நின்றது. "எங்க சொன்னது?"

"ஆஸ்பத்திரியில. ஊசி போட்டப்புறம். எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா சொல்லியிருப்பேன்னு தெரியும். தப்புதான். மூனு வாரம்னு சொன்னது பொய். எட்டு மாசமா போகுது. லைசென்ஸ் போயிருமேன்னு பயந்துதான் மறைச்சேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எந்த எட்டு மாசம்?"

"ரத்தம்." டிராகன் பழத்தையும் களிம்பையும்கூடச் சொன்னேன்.

நெத்திலித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பன்னிரண்டு நாள் சேர்த்து வைத்த திட்டு மொத்தமும் வந்தது. பொய்க்காரன் என்றாள். கட்டையில் போகிற வயசில் களிம்பு பூசினீர்களா என்றாள். இரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பழத்தின் மேலா பழி போட்டீர்கள் என்றாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. வீடு பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது அவள் சொன்னாள்:

"எட்டு மாசமா அத உள்ள வளர விட்டிருக்கீங்களே!"

"எது வளர?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நெத்திலி வாசத்தோடு இருந்த கையாலேயே மூடினாள்.

அதற்கப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். நாலாக மடித்த கோட்டில் கிழிய ஆரம்பித்திருந்தது. தினமும் பிரித்துப் பார்த்திருப்பாள். அதில் வண்ணப் படம் இருந்தது. இளஞ்சிவப்புச் சுவரில் காலிஃபிளவர் மாதிரி ஒரு சதை. இடப்பக்கப் பெருங்குடலில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. பயாப்சி (ஒரு துணுக்குக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது) எடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் முடிவு. என்ன முடிவு வரும் என்று டாக்டர் மறைக்கவில்லை. பார்த்தால் புற்றுநோய் மாதிரித்தான் இருக்கிறது என்றே சொல்லியிருக்கிறார்.

"இத எப்ப சொன்னாங்க உனக்கு?"

"எனக்கில்லங்க. உங்களுக்கு. நான் பக்கத்துல இருந்தேன். உங்ககிட்டத்தான் சொன்னாங்க."

நடந்ததை அவள் சொன்னாள். பதினொன்றரைக்கு டாக்டர் வந்திருக்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து வணக்கம் சொல்லியிருக்கிறேன். நான் முழுதாகத் தெளிந்துவிட்டேன் என்று பார்த்த எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. படத்தைக் காட்டியபோது கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேனாம். எவ்வளவு பெரிசு என்று கேட்டேனாம். வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேனாம். பஸ் ஓட்டலாமா என்று கேட்டதற்கு, இரத்தம் கூடுகிற வரை வேண்டாம் என்றாராம் டாக்டர். மல்லிகா அழ ஆரம்பித்ததும் அவள் பக்கம் திரும்பியிருக்கிறேன்.

"'அழாத புள்ள. கண்டுபிடிச்சிட்டாங்கல்ல, பார்த்துக்கலாம்'னு சொன்னீங்க. சாதாரணமா சொன்னீங்க. டயர் பஞ்சர்னா சொல்வீங்களே, அந்த மாதிரி."

"நானா?"

"நீங்கதான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

"அந்த எட்டு மாசத்தப் பத்தி ஒன்னும் சொல்லலையா?"

"டாக்டர் மறுபடி கேட்டாங்க, எவ்வளவு நாளா போகுதுன்னு." அவள் குரல் மறுபடி ஏறியது. "மூனு வாரம்னுதான் அங்கயும் சொன்னீங்க! கண்ண சிமிட்டாம சொன்னீங்க!"

மயக்கத்திலும் என் பொய் மட்டும் கெட்டியாக இருந்திருக்கிறது. அந்த நிலைமையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

"ஏன் மல்லி மறைச்சே?"

"நீங்க மைலோவ குடிச்சிட்டு, 'டாக்டர் இன்னும் வரலையே'ன்னு கேட்டீங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் தோணுச்சு, இது போயிருச்சு, இவருக்கு இது இப்ப இல்லவே இல்ல, ரெண்டு வாரமாவது நிம்மதியா தூங்கட்டும்னு. கேஸ் அடுப்புக்கே மூனு தடவ எழுந்திரிக்கிற ஆளு நீங்க. நோயாளிகிட்ட சொல்லாம மறைக்கிறதுதானே நம்ம ஆளுங்க வழக்கம்? எங்க அப்பாவுக்கு அப்படித்தான் செஞ்சோம்."

அவள் அப்பா தனக்கு என்ன நோய் என்று தெரியாமலேயே போனவர். அது நல்லதா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் என் விஷயத்தில் அது வேலை செய்யவில்லை. பன்னிரண்டு நாள் நானும் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை.

அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் எட்டு மாதம் மறைத்தவன், அவள் பன்னிரண்டு நாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "எட்டு மாசம் டாக்டர்," என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழைய வரியை அடித்துப் புதிதாக எழுதினார். முடிவு, புற்றுநோய்தான். முன்னாலேயே வந்திருந்தால் குழாய் வழியாகவே எடுத்திருக்க முடியுமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது அங்கிள். இருக்கலாம்," என்றார். அந்த "இருக்கலாம்" என்னிடம் இன்னும் இருக்கிறது. யாருக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன். உங்கள் எட்டு மாதத்தை எட்டு மாதம் என்றே சொல்லுங்கள்.

வேறு எங்கும் பரவவில்லை என்று சி.டி. ஸ்கேன் (உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுப்பது) சொன்னது. அறுவை சிகிச்சையில் கட்டி இருந்த குடல் பகுதியை வெட்டி எடுத்து மீதியை இணைத்தார்கள். எடுத்ததில் இருந்த நிணநீர் முடிச்சுகளில் (நோய் முதலில் பரவும் சிறு கணுக்கள்) ஒன்றிலும் நோய் இல்லை. கீமோ வேண்டியதில்லை என்றார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னும் பயத்தைக் குறைக்க அதே மிடாசோலம் கொஞ்சம் போட்டார்கள். அந்தத் தடவை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டேன். நான் சோறு தின்று எழுந்து நடக்கிற வரை முக்கியமான எதையும் என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம், மல்லிகாவிடமும் சொல்லுங்கள், மறுநாள் எனக்கு மறுபடி சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். மல்லிகாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். டாக்டர் சொல்வதையும் நான் சொல்வதையும் நேரம் போட்டு எழுது என்றேன். ஊசி போட்டுக்கொள்ளப் போகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன். ஊசிக்குப் பயப்பட வேண்டாம். தெளிந்துவிட்டோம் என்ற நினைப்புக்குத்தான் பயப்பட வேண்டும். அந்த நேரம் நாம் முழித்திருக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் ஒன்றும் தங்காது. அதனால் தங்குகிற ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஐந்து மாதம் கழித்து பஸ்ஸை எடுத்தேன். முதல் இரண்டு வாரம் பதினேழு நிறுத்தத்தையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஓட்டினேன். இப்போது எண்ணுவதில்லை. வயிற்றில் தழும்பு இருக்கும் இடத்தில் சீட் பெல்ட் உரசும். கழிப்பறைக்கு அவசரமாகப் போக வேண்டிவரும். வழியில் எந்தெந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. பயந்த ஆள் பயந்த ஆள்தான். ஆனால் பயம் கூடும்போது, மைலோவுக்கு முன்னால் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தவனை நினைத்துக்கொள்கிறேன். அவனும் இதே உடம்புதான். எனக்கு அவனைத் தெரியாது, மல்லிகாவுக்குத் தெரியும்.

போன மாதம், ஒரு வருஷம் முடிந்ததற்கான சோதனை. மறுபடி கொலனோஸ்கோப்பி, மறுபடி மிடாசோலம். அன்றைக்கு எனக்குத் தங்கிய முதல் ஞாபகம், மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"சுத்தமா இருக்காம். ஒன்னுமில்லையாம். அடுத்தது மூனு வருஷம் கழிச்சுத்தானாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போன மிஸ்ஸி பார்த்துச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு ரெண்டு பேருக்கும்?" என்றேன்.

"இது நாலாவது தடவ," என்றாள் மல்லிகா. "இதையேதான் கேட்டீங்க, இதையேதான் நானும் சொன்னேன்."

நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். பதினொன்று பத்து, பதினொன்று பதினெட்டு, பதினொன்று முப்பது, பதினொன்று நாற்பது. நான்கு தடவையும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

நல்ல செய்தியை நான் நான்கு தடவை கேட்டிருக்கிறேன். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற மூன்றும் அவளிடம் இருக்கின்றன. அந்த மூன்று தடவையும் நான் எப்படி இருந்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். கார் அவள்தான் ஓட்டினாள். சிக்னலில் நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஒவ்வொரு தடவையும் மொத தடவ கேக்கற மாதிரியே அழுதீங்க," என்றாள். "எனக்குச் சலிக்கவே இல்ல."